எழுத்து இல்லாத பூட்டு

திண்டிவனத்தில் ஒரு காயலான் கடை. அதன் வாசலில் இரண்டு பூட்டுகள் கிடந்தன.

ஒன்று மஞ்சள் நிறம். மினுமினு என்று மின்னியது. அதன் மேல் இங்கிலீஷ் எழுத்தில் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி" என்று பொறித்திருந்தது. அடியில் ஓர் ஆண்டும் இருந்தது.

மற்றொன்று இரும்பு. மாங்காய் போன்ற உருவம். உடம்பெல்லாம் துரு. சாவி இல்லை. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"இது என்ன விலை?" என்று மஞ்சள் பூட்டைக் காட்டிக் கேட்டேன்.

"கம்பெனிக்காரன் காலத்துப் பூட்டு சார். ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க."

"அந்த மாங்காய்ப் பூட்டு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதுவா? அது எடைக்குப் போற சாமான் சார். பழைய இரும்பு என்ன விலையோ, அதுக்கும் அதுதான்."

பழைய பூட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதுதான் பிறந்திருந்தது. புதிதாகச் சேர்க்கிறவனுக்கு எழுத்தைக் கண்டால் ஒரு மயக்கம். பேரம் பேசி, ஆயிரம் ரூபாய்க்கு மஞ்சள் பூட்டை வாங்கினேன். பஸ் ஏறி விழுப்புரம் வந்து சேர்ந்தேன். மாங்காய்ப் பூட்டு அங்கேயே கிடந்தது.

"வீட்டுல இருக்கற பூட்டுக்கே சாவி தேடி மாளல. இதுல இன்னொண்ணு வேறயா?" என்றாள் என் மனைவி.

காந்தம் செய்த வேலை

என் பேரன் ஒரு காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதைப் பூட்டின் அருகே கொண்டுபோனான். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது!

பித்தளையில் காந்தம் ஒட்டாது. மேலே இருக்கும் வளைந்த கம்பியில் ஒட்டினால் குற்றமில்லை. நல்ல பித்தளைப் பூட்டுகளிலும் கம்பி இரும்பாக இருப்பதுண்டு. ஆனால் இதில் காந்தம் பூட்டின் வயிற்றிலேயே ஒட்டியது. இரும்புக்குப் பித்தளை முலாம் பூசியிருக்கிறார்கள்!

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். (வாங்குவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.)

நெடுங்காலம் புழங்கிய பூட்டு என்றால், நாதாங்கியில் உராய்ந்து உராய்ந்து கம்பி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். இருட்டில் தடவித் தடவிச் சாவி போட்டதால், துவாரத்தைச் சுற்றித் தழும்பு விழுந்திருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். என் பூட்டில் இவை எதுவும் இல்லை. எழுத்துகள் நேற்றுப் பொறித்தவை போல் கூராக இருந்தன.

கம்பெனியின் பெயரைப் பொறித்த புதுச் சாமான்கள் எத்தனையோ இன்று விற்பனைக்கு வருகின்றன. திசைகாட்டி உண்டு, தொலைநோக்கி உண்டு, காசு உண்டு, பூட்டும் உண்டு. அழகுச் சாமான் என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பழம்பொருள் என்று விற்கும்போதுதான் என்னைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம்.

அடுத்த வாரம் அந்த மாங்காய்ப் பூட்டைத் தேடித் திண்டிவனம் ஓடினேன்.

"நேத்துதான் லோடு போச்சு சார்" என்றார் கடைக்காரர்.

லோடு எங்கே போகும்? உலைக்குத்தான்.

ஆயிரம் ரூபாய் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பூட்டு போனதுதான் உறுத்தியது. அது யாரோ ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து, அரத்தால் ராவி ராவிச் செய்ததாக இருக்கலாம். அதில் பெயர் இல்லை. அதனால் விலையும் இல்லை. போலிப் பூட்டில் பெயர் இருந்தது. அதனால் விலை இருந்தது. இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்து சொல்லும் சேதி

எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தால் எழுத்து நிறையச் சொல்லும்.

விழுப்புரம் ஒரு ரெயில் ஊர். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி என்று நாலா பக்கமும் பாதை பிரியும் ஜங்ஷன். இந்தப் பக்கத்தில் பழைய பூட்டு தேடுகிறவர்கள் "எஸ்.ஐ.ஆர்." என்ற மூன்று எழுத்துகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சவுத் இந்தியன் ரெயில்வே என்பதன் சுருக்கம் அது. 1951-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, அந்த ரெயில்வே வேறு இரண்டு ரெயில்வேக்களுடன் சேர்ந்து தென்னக ரெயில்வே ஆகிவிட்டது. ஆகவே அந்த மூன்று எழுத்துகள் உள்ள பூட்டு, அதற்கு முற்பட்டது என்று கொள்ளலாம்.

கண்டவுடன் பணத்தை நீட்டிவிடாதீர்கள். ரெயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று 1966-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ரெயில்வே ஏலத்தில் எடுத்த சரக்குதானா, அதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். கோவில் பெயர் பொறித்த பூட்டு வந்தால், ரசீதைக்கூடக் கேட்க வேண்டாம். அந்தக் கோவிலுக்கே தகவல் சொல்லுங்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பக்கத்தில் புதுச்சேரி. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எனவே இங்கே ஒரு வீட்டில் பிரெஞ்சுப் பூட்டு கிடந்தால் அதிசயமில்லை. அதில் "எஸ்.ஜி.டி.ஜி." என்று நாலு எழுத்து இருந்தால், செய்தவரின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். "காப்புரிமை கொடுத்திருக்கிறோம், ஆனால் சரக்குக்கு அரசாங்கம் உத்தரவாதம் இல்லை" என்பது அதன் பொருள்! 1844-ல் வந்த சட்டப்படி பிரான்சில் இந்த முத்திரையைப் போட்டார்கள். 1968-ல் அது நின்றுபோயிற்று. உத்தரவாதம் இல்லை என்பதையே பெருமையாகப் பொறித்துக்கொண்ட பூட்டு வேறு எந்த ஊரிலாவது உண்டோ என்னவோ.

ஜெர்மன் பூட்டுகளில் "டி.ஆர்.ஜி.எம்." என்று இருக்கும். அதுவும் பெயர் அல்ல. சாமானின் அமைப்பைப் பதிவு செய்ததற்கு அடையாளம். 1891-ல் தொடங்கி, இரண்டாம் உலக யுத்தம் முடியும்வரை வழங்கியது.

"மேட் இன் ஜெர்மனி" என்ற வாசகம் வந்த கதை இன்னும் வேடிக்கை. வெளிநாட்டுச் சரக்கு தங்கள் சரக்கு போலப் பெயர் போட்டுக்கொண்டு வருகிறதே என்று இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம். அதனால் 1887-ல் ஒரு சட்டம் செய்தார்கள். வெளியிலிருந்து வரும் சரக்கில் அதன் நாட்டின் பெயரைப் போடவைத்தார்கள். ஜெர்மன் சரக்கைத் தாழ்த்த வந்த வாசகம் அது. நாளடைவில் அதுவே தரத்துக்கு அடையாளமாகிவிட்டது!

எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பூட்டில் உள்ள எண் எல்லாம் ஆண்டு அல்ல. காப்புரிமை எண்ணாக இருக்கலாம், அளவாக இருக்கலாம். "6 லீவர்" என்று இருந்தால், உள்ளே ஆறு லீவர் தகடுகள் இருக்கின்றன என்று அர்த்தம். "மேட் இன் இந்தியா" என்று இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது என்று ஒரேயடியாக முடிவு கட்டாதீர்கள். ஆர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கியது 1897-ல்.

பேர் பெற்ற பூட்டு

பெயர் பெரிதாக இருந்தால் பூட்டும் பெரிதாகிவிடுமா?

லண்டனில் பிராமா என்ற கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்திருந்தது. "கள்ளச் சாவியோ கருவியோ செய்து இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு" என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பரிசைத் தட்டவில்லை. 1851-ல் லண்டனில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். சப் கம்பெனியின் பேர் பெற்ற பூட்டை 25 நிமிஷத்தில் திறந்து காட்டினார். பிறகு பிராமா பூட்டின் முன்னால் உட்கார்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் வேலை செய்து அதையும் திறந்துவிட்டார்!

பரிசைக் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. பூட்டின் பலம் அதன் நெற்றியில் எழுதியிருப்பதில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கும் வேலையில்தான் இருக்கிறது என்று லண்டன்காரர்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

துவாரத்தைப் பாருங்கள்

சரி, எழுத்தே இல்லாத பூட்டு கைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் சாவித் துவாரம். மேலே வட்டமும் கீழே கோடுமாக, நம் பழைய கதவுகளில் இருப்பது போல இருந்தால், பெரும்பாலும் லீவர் பூட்டு. துவாரத்தின் நடுவில் ஒரு முள் நின்றால், அதன் சாவி குழாய்ச் சாவி. அந்த முள் சாவியின் குழாய்க்குள் போய் உட்காரும். துவாரம் வட்டமாக இருந்து உள்ளே மரை தெரிந்தால், அது திருகு சாவிப் பூட்டு. சாவியைத் திருகத் திருக உள்ளே இறங்கும். பழைய நாட்டுப் பூட்டுகளில் இந்த ரகம் உண்டு. பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.

துவாரம் ஒல்லியாக, நெளிந்த கோடு போல இருந்தால், அது அமெரிக்காவில் லைனஸ் யேல் 1860-களில் கொண்டுவந்த தட்டைச் சாவி வகை. அதன் உள்யோசனை எகிப்தின் மரப் பூட்டுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஆனால் இந்த ஒல்லித் துவாரம் யேல் காலத்தது. அப்படித் துவாரம் உள்ள பூட்டில் 1818 என்று பொறித்திருந்தால், சிரித்துவிட்டுக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது செய்த விதம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் சற்றுப் பருத்து, ஒரு பக்கம் சற்று இளைத்து இருக்கிறதா? அரம் ஓடிய கோடுகள் ஓரத்தில் தெரிகின்றனவா? ஆணிகளை அடித்து, தலையைத் தகட்டோடு தகடாக ராவியிருக்கிறார்களா? இருந்தால், மெஷினை விட மனிதக் கை அதிகமாக உழைத்த பூட்டு அது.

துருவுக்கு அடியில் எழுத்து இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் சுரண்டாதீர்கள். பிள்ளைகள் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அப்படித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து காகிதத்தில் எழும்பி வரும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய பித்தளைப் பூட்டைக் கண்டால் உங்களுக்குக் கை பரபரக்கும். புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துப் பளபள என்று ஆக்கிவிடுவீர்கள். அதோடு நூறு வருஷ நிறமும் போகும், எழுத்தும் தேயும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்த ஊர்ப் பூட்டாகவே இருந்தாலும் புளி வேண்டாம்! உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். துரு கெட்டியாக இருந்தால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துவிடுங்கள்.

சித்தி வீட்டுப் பரண்

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது மாங்காய்ப் பூட்டைக் கோட்டை விட்ட பிறகுதான்.

பொங்கலுக்கு முன்னால், விழுப்புரத்திலேயே இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். உடைந்த அரிவாள்மணை, ஓட்டை வாளி, துருப்பிடித்த தராசு. எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்காகக் கூடையில் அள்ளி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். இப்போது காசுதான்.

கூடையின் அடியில் ஒரு பூட்டு. மாங்காய் உருவம். எழுத்து இல்லை. சாவி இல்லை.

"சித்தி, இது ஏது?"

"உங்க சித்தப்பாவோட அப்பா காலத்துது. நெல்லு வச்ச அறைக்குப் போட்டிருந்தாங்க. சாவி தொலைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. உனக்கு வேணும்னா எடுத்துக்கோப்பா."

நான் உடனே எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை விடுவேனா?

கடைத்தெருவில் குடைக்கு அடியில் உட்கார்ந்து சாவி செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார்.

"அறுத்துடாதீங்க ஐயா" என்றேன்.

"இதை அறுப்பாங்களா?" என்று என்னைக் கோபமாகப் பார்த்தார்.

வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, விளக்கில் காட்டிக் கரி ஏற்றினார். துவாரத்தில் விட்டு மெதுவாகத் திருப்பினார். வெளியே எடுத்தால், கரியின் மேல் மெல்லிய கீறல்கள். கீறல் விழுந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவினார். மறுபடி கரி, மறுபடி கீறல், மறுபடி அரம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

'களுக்' என்று திறந்தது!

"சாவியில வெட்டைப் பாருங்க. ஒவ்வொரு வெட்டும் உள்ளே ஒரு லீவரைத் தூக்குது. ஒண்ணு ஒரு மயிரிழை கூடத் தூக்கினாலும் திறக்காது. இது திண்டுக்கல் வேலை மாதிரி தெரியுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அங்கேதான் நான் தொழில் கத்துக்கிட்டேன்."

திண்டுக்கல்லில் கேட்டேன்

மாங்காய் உருவம் மட்டும் சாட்சி ஆகாது. ஓர் ஊர்க்காரர் செய்ததைப் பார்த்து வேறு ஊர்க்காரரும் செய்யலாம். ஆகவே பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, திருச்சி வழியாகத் திண்டுக்கல்லுக்கே போனேன்.

அங்கே பூட்டுத் தொழிலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தகட்டை வெட்டி, லீவரை ராவி, சாவியை அந்தப் பூட்டுக்கென்றே பொருத்துவதெல்லாம் கைவேலை. மாங்காய்ப் பூட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் மணிப்பூட்டு உண்டு. மேஜை இழுப்பறைக்குத் தனிப் பூட்டு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் அலிகாரிலிருந்து மெஷின் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்த பிறகு இந்தக் கைவேலை நலிந்துவிட்டது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் செய்ததைத் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்கக் கூடாது.

பட்டறையில் இருந்த ஒரு முதியவர் சித்தி வீட்டுப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணித் தலைகளை விரலால் தடவினார்.

"எங்க ஊர் வேலைதான். ஆனா யார் பட்டறைன்னு சொல்ல முடியாது. பேர் போடலையே!"

அங்கே நான் பார்த்த பழைய பூட்டுகள் பலவற்றிலும் பெயர் இல்லை. உத்தரவாதம் இல்லாத பிரெஞ்சுப் பூட்டு நாலு எழுத்தைப் போட்டுக்கொண்டது. போலிப் பூட்டு கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டது. இந்த மனிதர்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டைச் செய்தார்கள், பெயரைப் போடாமல் சந்தைக்கு அனுப்பினார்கள்.

என்னைக் கேட்டால், இன்றைக்குத் திண்டுக்கல்லில் செய்யும் ஒவ்வொரு பூட்டிலும் மூன்று விஷயங்களை உளியால் அடித்துவிட வேண்டும். ஊரின் பெயர், செய்தவரின் பெயர், ஆண்டு. தமிழிலேயே அடிக்கட்டும். ஒரு பூட்டுக்கு அரை நிமிஷ வேலை. பூட்டு வாங்கப் போகிறவர்களும் "பேர் போட்டதாகக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் போடுவார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு பையன் அதைக் கையில் எடுத்தால், யார் செய்தது என்று அவன் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அது எந்தக் கதவில் தொங்கியது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி, பூட்டோடு கட்டி வையுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து திரும்பியதும் சித்தியிடம் போய் எல்லாக் கதையையும் சொன்னேன். கரி ஏற்றியது, ஆணித் தலை, முதியவர் சொன்னது, எல்லாம். சித்தி பூட்டைக் கையில் வாங்கினார்கள். சாவியைப் போட்டுத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள்.

"இவ்வளவு நல்ல பூட்டா? அப்போ இது இங்கேயே இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு, தம் டிரங்குப் பெட்டியில் மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.